தொழிற் பயணமும் வருமான வரியும்

வருமான வரி என்பது ஒருவருடைய கைக்கு வந்த பணம் முழுவதின்மீதும் விதிக்கப்படுவது என்று எண்ணுவோர் பலர். மாதச் சம்பளம் பெறுவோரைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தக்கூடும். தாமே ஒரு தொழிலை நடத்திப் பிழைப்போரைப் பொறுத்தவரையிலோ அது பொருந்தாது. அவர்களுடைய வரவின்மீது வரி இல்லை, இலாபத்தின்மீதே வரி. இலாபம் என்பது வரவினின்று அவ்வரவைத் தேடுவதற்குச் செய்த செலவைக் கழித்தபின் எஞ்சுவது. ஒரு தச்சர் மேசை செய்து விற்றால், பலகைக்கும் ஆணிக்கும் கொடுத்த பணம் செலவு என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் அதே தச்சர் காலையில் தம் வானில் ஏறி, முப்பது மைல் ஓடி, ஒருவர் வீட்டுக் கதவைச் செப்பனிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். அந்த அறுபது மைலுக்கும் எரிந்த பெற்றோல் தொழிற் செலவா, வீட்டுச் செலவா? சிறிய கேள்விபோலத் தோன்றும் இது, நீதிமன்றங்களில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்பட்டு வந்துள்ள ஒரு கேள்வியாகும்.

இக்கேள்வி மிக விரிவாக ஆராயப்பட்ட நாடு இங்கிலாந்து. அங்கே சுயமாகத் தொழில் புரிவோர் தம் வாகனம் ஓடிய மைல்களைக் கணக்கிட்டு இலாபத்தினின்று கழிப்பது சாதாரண வழக்கம். குழாய் வேலைசெய்வோர், மின்னிணைப்பு வேலைசெய்வோர், கொத்தர், வீடுதோறும் சென்று பாடஞ் சொல்லும் ஆசிரியர், பொதிகளைக் கொண்டுசேர்ப்போர் முதலிய பலருக்கும் பயணச் செலவே பெருஞ் செலவாகும். இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய இலங்கைத் தமிழருள்ளும் சிறுகடை நடத்துவோரும் வாடகைக் கார் ஓட்டுவோரும் பலர். ஆகவே இவ்விடயம் அங்கு வாழும் உறவினரை உடைய நேயர்கள் பலருக்கும் அயலானதன்று.

முதலிற் சட்டம் கூறுவதைக் கவனிக்கலாம். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒரு செலவு முழுவதாகவும் தனியாகவும் தொழிலின்பொருட்டே செய்யப்பட்டதாயின் மட்டுமே அதனைக் கழிக்கலாம் என்கிறது. இவ்விதி 2005இல் தோன்றியதன்று. அதற்கு முந்திய சட்டங்களிலும் இதுவே விதியாக இருந்தது. இங்கே "முழுவதாகவும்" என்பது செலவின் அளவைக் குறிக்கும். "தனியாகவும்" என்பது செலவின் நோக்கத்தைக் குறிக்கும். இரு நோக்கங்கள் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருப்பின் அச்செலவு கழிவுக்கு உரியதன்று. 1983ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் முன் ஒரு வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் அணிவதற்காக வாங்கிய கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கவேண்டும் என்று ஒரு பெண் பாரிஸ்டர் கேட்டார். நீதிமன்றம் இல்லாவிடின் அவ்வுடைகளை அவர் விரும்பி அணியமாட்டார் என்பது உண்மையே. ஆயினும் மனிதர் எவரும் குளிருக்கும் மானத்துக்கும் உடை உடுத்தவேண்டியவரே. அந்த நோக்கமும் அச்செலவில் அடங்கியிருந்தது என்று பிரபுக்கள் தீர்மானித்து, கோரிக்கையை மறுத்தனர்.

எனினும் சட்டம் ஒரு வழியையும் திறந்துவைத்திருக்கிறது. ஒரு செலவின் ஒரு பங்கு தொழிலுக்கே உரியது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடுமாயின், அப்பங்கைக் கழிக்கலாம். வாகனத்துக்கு இவ்வழியே பயன்படுகிறது. ஒரே கார் திங்கட்கிழமை வாடிக்கையாளர் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் ஓடலாம். திங்கட்கிழமை ஓடிய மைல்களை ஞாயிற்றுக்கிழமை ஓடிய மைல்களினின்று பிரிப்பது அரிதன்று. அரிதாவது எதுவெனில், திங்கட்கிழமை ஓடிய மைல்களுள்ளும் எவை தொழிலுக்கு உரியன என்பதைத் தீர்மானிப்பதே.

இதனை விளக்க இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று. ஒன்று ஒரு பாரிஸ்டருடையது. மற்றது ஒரு கொத்தருடையது.

பாரிஸ்டரின் வழக்கு 1952ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் தீர்க்கப்பட்டது. நியூசம் என்பார் இலண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் இடத்தில் அலுவலகம் வைத்திருந்தார். அவருடைய இல்லம் நகருக்கு வெளியே விப்ஸ்னேட் என்னும் ஊரில் இருந்தது. அவ்வில்லத்திற் படிப்பறையும் சட்ட நூல்களும் இருந்தன. மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் அங்கேயே வழக்குக் கட்டுகளைப் படித்தார். நீதிமன்ற விடுமுறைக் காலத்திலோ பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்தார். ஆகவே வீடும் தம் தொழில் நடக்கும் இடமே என்றும், இரண்டு தொழிலிடங்களுக்கு இடையே செய்த பயணமாதலின் அதன் செலவைக் கழிக்கவேண்டும் என்றும் அவர் வாதித்தார்.  மேன்முறையீட்டு நீதிமன்றம் முழுக் கோரிக்கையையும் தள்ளிவிட்டது.

அத்தீர்ப்பை வழங்கியோருள் ஒருவர் நீதியரசர் டெனிங். அவர் காட்டிய காரணம் எளிமையானது. முற்காலத்தில் வணிகரும் கைவினைஞரும் தம் கடைக்கு மேலேயே குடியிருந்தனர். அவர்களுக்கு இக்கேள்வி எழவில்லை. பிற்காலத்திற் மனிதர் தொழிலிடத்தை விட்டுத் தொலைவிற் குடியிருக்கத் தொடங்கினர். அவ்வாறு குடியிருப்பது அவரவர் விருப்பமும் குடும்ப வசதியும் பற்றியது. தொழில் அதனைக் கேட்கவில்லை. ஆகவே தொழில் நடக்கும் தளம் எது என்று முதலில் அறியவேண்டும். அத்தளத்தை அடையும்வரையுள்ள பயணம் வாழ்க்கைச் செலவு. அத்தளத்திலிருந்து தொழிலின்பொருட்டுப் புறப்படும் பயணமே தொழிற் செலவு. பாரிஸ்டரின் தளம் அவருடைய அலுவலகம். வீட்டிற் புத்தகங்கள் இருப்பதனால் மட்டும் வீடு தளமாகிவிடாது.

கொத்தரின் வழக்கு 1971ஆம் ஆண்டில் அதே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஹோட்டன் என்னும் அவர் ஈஸ்ட்போண் என்னும் கடற்கரை நகரிற் குடியிருந்தார். பெரிய கட்டட ஒப்பந்தகாரர் ஒருவருக்கு உபஒப்பந்த முறையிற் செங்கல் வேலை செய்துவந்தார். ஓரிடத்திற் சில வாரம், பின் வேறோரிடத்திற் சில வாரம் என வேலை மாறிக்கொண்டே இருந்தது. தம் கூட்டத்தைச் சேர்ந்த கொத்தர்களையும் தம் காரிலேயே ஏற்றிச் சென்றார். கருவிகளை வீட்டில் வைத்திருந்தார். கணக்குப் புத்தகங்களை வீட்டில் எழுதினார். அடுத்த வேலை எங்கே என்ற பேச்சும் வீட்டிலேயே நடந்தது. வரி அதிகாரிகளோ, அவர் வேலைசெய்யும் ஒவ்வொரு கட்டட இடமும் அவ்வக்காலத்துக்கு அவருடைய தளமாகும். ஆகவே வீட்டிலிருந்து அங்கு சென்ற பயணம் பாரிஸ்டரின் பயணத்தை ஒத்ததே என்றனர்.

அப்போது அந்நீதிமன்றத்தின் தலைமையில் இருந்தவரும் அதே டெனிங் பிரபுவே. பாரிஸ்டருக்கு இல்லை என்ற அவர், கொத்தருக்கு உண்டு என்றார். கட்டட இடங்கள் வந்துபோவன. எந்த ஒன்றும் அவருக்குத் தளம் ஆகமாட்டாது. மாறாது நின்ற இடம் ஒன்றே, அது அவருடைய வீடு. ஆகவே வீட்டிலிருந்து கட்டட இடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் சென்ற செலவு முழுவதும் கழிவுக்கு உரியது.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரே அளவுகோலை இருவேறு வாழ்க்கைகளின்மீது வைத்தபோது கிடைத்த இருவேறு அளவுகள் அவை. படித்தவர் என்றோ உழைப்பவர் என்றோ நீதிமன்றம் பார்க்கவில்லை. தொழில் எங்கே வேரூன்றியிருக்கிறது என்பதையே பார்த்தது.

பின்வந்த வழக்குகள் இவ்வளவுகோலைக் கூர்மையாக்கின. 1978ஆம் ஆண்டில் ஒரு பல்வைத்தியரின் கோரிக்கை விசாரிக்கப்பட்டது. அவருடைய வீட்டுக்கும் சிகிச்சை நிலையத்துக்கும் இடையே செயற்கைப் பற்களைச் செய்யும் கூடம் ஒன்று இருந்தது. நாள்தோறும் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று, பற்களைக் கொடுப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அக்கூடத்திலிருந்து சிகிச்சை நிலையம்வரையுள்ள பயணமேனும் தொழிற் பயணமன்றோ என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வழியில் ஓரிடத்தில் நின்றது பயனுள்ள செயலே. ஆயினும் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதென்ற நோக்கம் அதனால் மறைந்துவிடவில்லை.

2004ஆம் ஆண்டில் ஒரு பால் விநியோகிப்பவரின் வழக்கு வந்தது. அவர் கணக்குகளை வீட்டில் வைத்து எழுதியபோதிலும், பாலும் பால் வண்டியும் இருந்த களஞ்சியமும், பால் கொடுக்கும் தெருக்களும் வேறிடத்தில் இருந்தன. தொழில் நடந்தது அத்தெருக்களிலே. ஆகவே வீட்டிலிருந்து களஞ்சியத்துக்குச் சென்ற செலவைக் கழிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவரும் வீட்டிற் கணக்கு எழுதியவரே, கொத்தரும் வீட்டிற் கணக்கு எழுதியவரே. ஆனால் பால்காரரின் வேலைத்தலம் ஒன்றே, நாள்தோறும் மாறாதது. கொத்தருடையது மாறிக்கொண்டே இருந்தது. வேற்றுமை அதிலேயே உளது.

2014ஆம் ஆண்டில் முதியோர் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு நிபுணரின் வழக்கை மேல் நியாயசபை தீர்த்தது. அவர் அரசாங்க வைத்தியசாலையிற் பணியாற்றியதோடு, தனியார் வைத்தியசாலைகளிலும் ஒழுங்காகக் குறித்த நேரங்களில் நோயாளரைப் பார்த்துவந்தார். வீட்டிலும் அலுவலக அறை ஒன்று வைத்து, தொழில் சம்பந்தமான எழுத்து வேலைகளை உண்மையாகவே அங்கே செய்தார். நியாயசபை அவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒருவர் எங்கே குடியிருப்பது என்பதைத் தம் சொந்த வாழ்வு கருதியே தேர்ந்துகொள்கிறார். ஆதலின் வீட்டிலிருந்து வழக்கமான வேலைத்தலத்துக்குச் செல்லும் பயணத்தில் அந்தச் சொந்த நோக்கமும் கலந்தே இருக்கிறது என்று கூறி, கோரிக்கையை மறுத்தது. கொத்தரைப்போல் இடந்தோறும் அலைந்து தொழில் செய்வோருக்கு உரிய விலக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழக்குகள் அனைத்தையும் தொகுத்து நோக்கின் தெளிவான சில முடிவுகள் கிடைக்கும். வீட்டிலிருந்து, நிலையாகத் தொழில் நடக்கும் இடத்துக்குச் செல்லும் மைல்கள் கழிவுக்கு உரியன அல்ல. அந்நிலையான இடத்திலிருந்து வாடிக்கையாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ வங்கிக்கோ சென்று திரும்பும் மைல்கள் உரியன. நிலையான வேலைத்தலமே இன்றி, வீட்டைத் தளமாகக்கொண்டு இன்று ஓரிடம் நாளை ஓரிடம் எனச் செல்வோருக்கு, வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும்வரையுள்ள மைல்கள் உரியன. வேலைக்குப் போன வழியில் ஒரு கடையிற் பால் வாங்கியதனால் தொழிற் பயணம் கெட்டுவிடாது. அதுபோலவே, கடைக்குப் போகும் வழியில் ஒரு கடிதத்தைத் தபாலிற் போட்டதனால் வீட்டுப் பயணம் தொழிற் பயணமாகிவிடாது.

கடை நடத்தும் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவர் வீடு ஓரிடம், கடை ஐந்து மைலுக்கு அப்பால். காலையிற் கடையைத் திறக்கச் செல்லும் ஐந்து மைலும், இரவிற் பூட்டிவிட்டுத் திரும்பும் ஐந்து மைலும் அவருடைய சொந்தச் செலவு. நண்பகலிற் கடையை மனைவியாரிடம் ஒப்படைத்துவிட்டு, எட்டு மைல் தொலைவிலுள்ள மொத்த விற்பனை நிலையத்துக்குச் சென்று சரக்கேற்றி வந்தால், அந்தப் பதினாறு மைலும் தொழிலுக்கு உரியன. ஆனால் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழியிற் சரக்கெடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், பல்வைத்தியருக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். ஒரே சரக்கு, ஒரே கார். புறப்பட்ட இடம் வேறாயின் கணக்கும் வேறாகும்.

இனி, உரிய மைல்களைப் பணமாக மாற்றும் முறையைப் பார்க்கலாம். இதற்கு இரு வழிகள் உள. முதலாவது உண்மைச் செலவு முறை. ஆண்டு முழுவதும் பெற்றோல், காப்புறுதி, திருத்த வேலை, வீதி வரி முதலியவற்றுக்குச் செலவான தொகையைக் கூட்டி, ஓடிய மொத்த மைல்களில் தொழில் மைல்கள் எத்தனை பங்கோ அத்தனை பங்கைக் கழிப்பது இம்முறை. வாகனத்தின் விலைக்கும் மூலதனக் கழிவு என்ற வகையில் ஒரு பங்கு கிடைக்கும். இரண்டாவது மைல் வீத முறை. இது சுயதொழில் புரிவோருக்கு 2013-14 வரி ஆண்டு முதல் சட்டமுறையாக வந்தது. கார், வான் என்பவற்றுக்கு ஆண்டின் முதல் 10,000 தொழில் மைல்களுக்கும் மைலுக்கு 45 பென்சு; அதற்கு மேற்பட்ட மைல்களுக்கு 25 பென்சு; மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்சு. 2024-25 வரி ஆண்டிலும் வீதங்கள் இவையே. பெற்றோல் விலை ஏறினும் இறங்கினும் இவ்வீதம் அதனுடன் ஏறுவதும் இறங்குவதும் இல்லை.

மைல் வீதத்துள் எரிபொருள், காப்புறுதி, திருத்த வேலை, வீதி வரி, வாகனத்தின் தேய்மானம் ஆகிய எல்லாம் அடங்கிவிடும். ஆகவே 45 பென்சையும் கழித்து, பெற்றோல் பற்றுச்சீட்டையும் கழிப்பது இருமுறை கழிப்பதாகும், அது தவறு. தொழிற் பயணத்தின்போது வாகனத்தை நிறுத்துவதற்குக் கொடுத்த கட்டணமும், பாலம், சுங்கவீதி என்பவற்றுக்குக் கொடுத்த கட்டணமும் இவ்வீதத்துள் அடங்கா. அவற்றைத் தனியே கழிக்கலாம். ஆனால் தவறான இடத்தில் நிறுத்தியமைக்காகச் செலுத்திய தண்டத்தை எம்முறையிலும் கழிக்கமுடியாது.

எம்முறை நன்று? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாய் வேலைசெய்யும் ஒருவர் 10,000 பவுணுக்கு ஒரு வான் வாங்குகிறார். ஆண்டுக்கு 20,000 மைல் ஓடுகிறார். அதில் 14,000 மைல் தொழிலுக்கு, அதாவது நூற்றுக்கு எழுபது பங்கு. பெற்றோலுக்கு 3,000 பவுண், காப்புறுதிக்கு 700, திருத்த வேலைக்கு 700, வீதி வரிக்கும் பரிசோதனைக்கும் 400 எனக் கொண்டால், ஆண்டுச் செலவு 4,800 பவுண். அதில் எழுபது வீதம் 3,360 பவுண். வானின் விலையையும் முதலாண்டிலேயே கழிக்க அங்கே வழியுண்டு. காருக்குப் பொதுவாக அவ்வழி இல்லை. விலையின் எழுபது வீதம் 7,000 பவுண். ஆகவே உண்மைச் செலவு முறையின்படி முதலாண்டுக் கழிவு 10,360 பவுண். மைல் வீத முறையின்படியோ முதல் 10,000 மைலுக்கு 4,500 பவுணும், மிகுதி 4,000 மைலுக்கு 1,000 பவுணுமாக 5,500 பவுண் மட்டுமே.

முதலாண்டை மட்டும் பார்ப்பவர் உண்மைச் செலவு முறையே சிறந்தது என்பார். ஐந்தாண்டைப் பார்த்தால் நிலைமை மாறும். வானின் விலை ஒருமுறைதான் கழியும். பின்வரும் நான்கு ஆண்டுகளிலும் 3,360 பவுணே கிடைக்கும். ஐந்தாண்டிலும் சேர்த்து 23,800 பவுண். மைல் வீதமோ ஐந்தாண்டில் 27,500 பவுண் ஆகும். அதேவேளை, வானின் விலை 20,000 பவுணாயின் உண்மைச் செலவு முறையில் 30,800 பவுண் கிடைத்து, அதுவே மேலாகிவிடும். வானைப் பின்னர் விற்கும்போது கிடைக்கும் விலையின் தொழிற் பங்கு மீண்டும் கணக்கில் வரும் என்பதையும் மறக்கலாகாது. பொதுவாகக் கூறின், குறைந்த விலை வாகனத்தில் நீண்டதூரம் ஓடுவோருக்கு மைல் வீதமும், விலைமிக்க வாகனத்திற் குறைந்த தூரம் ஓடுவோருக்கு உண்மைச் செலவும் பொருந்தும்.

இத்தெரிவை ஆண்டுதோறும் மாற்ற இயலாது. ஒரு வாகனத்துக்கு மைல் வீதத்தை மேற்கொண்டவர், அவ்வாகனத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தும்வரை அம்முறையையே பின்பற்றவேண்டும். மூலதனக் கழிவை ஏற்கெனவே பெற்ற வாகனத்துக்கு மைல் வீதம் கிடையாது. இலண்டனின் கறுப்பு வாடகைக் கார்போலத் தொழிலுக்கென்றே அமைக்கப்பட்ட கார்களுக்கும் அது பொருந்தாது. தொழிலை வரையறுத்த கொம்பனியாகப் பதிந்து நடத்துவோரும் இம்முறையின்கீழ் வரமாட்டார். அவர்களுக்கு உள்ள விதிகள் வேறு. ஆகவே வாகனம் வாங்கிய ஆண்டிலேயே இரு கணக்கையும் போட்டுப் பார்த்துத் தெரிவது அறிவுடைமை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மைலுக்கு 45 பென்சு என்றதும் அரசாங்கம் அப்பணத்தைக் கையிற் கொடுக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. இலாபத்தினின்று 45 பென்சு கழியும். அதற்குரிய வரி மட்டுமே மிச்சமாகும். 2024-25 வரி ஆண்டில் அடிப்படை வீதத்தின்கீழ் வரி செலுத்தும் சுயதொழிலாளர், வருமான வரியாக நூற்றுக்கு 20உம், தேசியக் காப்புறுதியாக நூற்றுக்கு 6உம் செலுத்தினார். ஆகவே 5,500 பவுண் கழிவினால் அவருக்கு மிச்சமாவது 1,430 பவுண். ஒரு மைலுக்கு 45 பென்சு என்ற வீதத்திலே உண்மையில் மிஞ்சுவது பன்னிரண்டு பென்சுக்கும் சற்றுக் குறைவு. கழிவு கிடைக்கிறதே என்று வேண்டாத பயணத்தை மேற்கொள்பவர், ஒரு ரூபாயைச் செலவிட்டுக் கால் ரூபாயைத் தேடுபவராவார்.

ஆனால் வேண்டிய பயணத்தைச் செய்துவிட்டு அதனை எழுதாமல் விடுபவரின் இழப்பும் சிறிதன்று. நாளொன்றுக்குப் பத்து மைல் எழுதாமற்போனால், வேலைசெய்யும் இருநூறு நாளில் 2,000 மைல். அதற்குரிய கழிவு 900 பவுண்; அவர் வீணே செலுத்தும் வரி 234 பவுண். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் இல்லாமையால் ஆண்டுதோறும் இத்தொகை கைவிட்டுப் போகிறது. பெரிய வணிகருக்குக் கணக்காளர் இருக்கின்றனர். சிறு தொழிலாளருக்கு அவருடைய ஞாபகமே கணக்காளர். ஞாபகமோ சனவரி மாதத்தில், வரிப் பத்திரம் எழுதும் இரவில், பெரும்பாலும் உதவுவதில்லை.

ஆகவே பயணக் குறிப்பேடு ஒன்றை வைத்திருத்தல் இன்றியமையாதது. அதில் எழுதவேண்டியவை ஐந்து: தேதி, புறப்பட்ட இடம், சென்ற இடம், சென்ற காரியம், ஓடிய மைல். வரி ஆண்டு ஏப்ரல் 6ஆந் தேதி தொடங்கி அடுத்த ஏப்ரல் 5ஆந் தேதி முடிவதாதலின், அவ்விரு நாட்களிலும் வாகனத்தின் மைல்மானி காட்டும் எண்ணையும் குறித்துவைத்தல் நன்று. மொத்த மைல் எத்தனை என்பதற்கு அதுவே சான்று. பயணம் முடிந்த அன்றே எழுதிய ஒரு வரி, ஆண்டு முடிவில் நினைத்து நினைத்து எழுதிய பத்துப் பக்கத்தைவிட நம்பத்தக்கது. எல்லா நாளும் சரியாக ஐம்பது மைல் என்று எழுதப்பட்டிருக்கும் கணக்கைக் கண்டால் எந்த அதிகாரிக்கும் ஐயம் எழும். உண்மைப் பயணம் ஒருநாட் போல் மறுநாள் இராது. வரிப் பத்திரம் கொடுக்கவேண்டிய சனவரி 31ஆந் தேதியிலிருந்து ஐந்தாண்டுவரை இக்குறிப்பேட்டைக் காக்கவேண்டும் என்பது விதி. 2024-25ஆம் ஆண்டுக் கணக்காயின், 2031 சனவரி 31 வரை அது வீட்டில் இருத்தல் வேண்டும்.

தவறான கணக்குக்குத் தண்டம் உண்டு. கவனக்குறைவினால் நேர்ந்த தவறாயின், குறைவாகச் செலுத்தப்பட்ட வரியில் நூற்றுக்கு 30 வரை. வேண்டுமென்றே செய்ததாயின் 70 வரை. வேண்டுமென்றே செய்து அதனை மறைக்கவும் முயன்றதாயின் 100 வரை தண்டம் விதிக்கலாம். அதிகாரிகள் பின்னோக்கிச் செல்லக்கூடிய காலமும் அவ்வாறே வேறுபடும்: சாதாரணமாக நான்காண்டு, கவனக்குறைவாயின் ஆறாண்டு, வேண்டுமென்றே செய்த தவறாயின் இருபதாண்டு. இருபதாண்டுக்கு முன் கூட்டி எழுதிய ஒரு சிறு தொகை, முதுமைக் காலத்தில் வாசலில் வந்து நிற்கக்கூடும். அதேவேளை, உரிய கவனத்துடன் கணக்கு வைத்தும் தவறு நேர்ந்துவிட்டவருக்கு இத்தண்டம் இல்லை. இதனாலேயே குறிப்பேடு வரியைக் குறைக்கும் கருவி மட்டுமன்று. அதனை எழுதியவருக்குக் காவலும் ஆகின்றது.

இவ்விதிகள் நீதியானவையா என்று கேட்போரும் உளர். பாரிஸ்டரும் வைத்தியரும் வேலைக்குப் போகாமல் வருமானம் தேட முடியுமா? போக்குவரத்துச் செலவின்றி வேலைக்குப் போக முடியுமா? முடியாதெனின் அச்செலவு வருமானத்தைத் தேடும் செலவன்றோ? இவ்வாதத்தை எளிதிற் தள்ளிவிட முடியாது. நகரத்தில் வீட்டு வாடகை உயர, ஊருக்கு வெளியே குடியேறும் ஏழை எளியவர் அதனை வசதிக்காகச் செய்கின்றனர் என்று கூறுவது எப்போதும் பொருந்தாது. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். ஆலையிலும் அலுவலகத்திலும் சம்பளத்துக்கு வேலைசெய்யும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் தம் பணத்திலேயே செல்கின்றனர். வழக்கமான வேலைத்தலத்துக்குச் செல்லும் அச்செலவை அவர்கள் கழிக்க இயலாது. சுயதொழில் புரிவோருக்கு மட்டும் அதனை அனுமதித்தால், ஒரே ரயிலில் அருகருகே இருந்து செல்லும் இருவருள் ஒருவருக்கு ஒரு நீதியும் மற்றவருக்கு வேறு நீதியும் ஆகும். வீட்டுக்கும் தொழிலுக்கும் இடையே சட்டம் கீறிய கோடு எல்லாருக்கும் இனியதன்று; ஆனால் அது ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றாகவே உள்ளது.

இலங்கையிலும் இக்கோடு அறியப்படாததன்று. இந்நாட்டில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும், வருமானத்தைத் தேடுவதற்காகச் செய்த செலவைக் கழிக்க இடமளித்து, ஒருவருடைய வீட்டுச் செலவைக் கழிக்க இடமளிக்காமல் விடுகிறது. இங்கிலாந்தின் வீதங்களும் எண்களும் இந்நாட்டுக்குப் பொருந்தா. அவற்றை இங்கே எவரும் எடுத்தாளலாகாது. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்றே. யாழ்ப்பாணத்திற் கதவுக்குக் கதவு சென்று குளிர்பெட்டி திருத்துபவராயினும், கொழும்பிற் கடை வைத்திருப்பவராயினும், இந்தப் பயணத்தைத் தொழில் கேட்டதா, குடும்பம் கேட்டதா என்று தம்மையே வினாவவேண்டியவராவர்.

அவ்வினாவுக்கு நேர்மையான விடையைப் பயணம் முடிந்த அன்றே எழுதிவைப்பவர், உரியதற்கு மேல் ஒரு சதமும் கேட்கமாட்டார். உரியதில் ஒரு சதமும் இழக்கவும்மாட்டார். வரி செலுத்துவது குடிமகனின் கடமை. கணக்கில்லாமையால் அதற்கு மேலும் செலுத்துவது கடமையன்று. கொத்தரின் வழக்கிலே அவருக்கு வெற்றி தேடிக்கொடுத்தவற்றுள், அவர் வீட்டில் இருந்து எழுதிவந்த அந்தக் கணக்குப் புத்தகங்களும் ஒன்று என்பதைத் தாமே தொழில் புரியும் நேயர்கள் மனத்திற்கொள்வது நலம்.